நீங்க யாரு பேசறீங்க?

சந்தூர்,
ஆடி கடைசி வெள்ளி

அன்புள்ள ஜெயா,

உன் வீட்டுக்காரர் சுகர் எப்படி இருக்கு, மருமக வேலைக்குத் திரும்பப் போறாளா இல்லையா, வேலூர்ல வெயில் குறைஞ்சுதா, எல்லாத்துக்கும் பதில் எழுது. இங்க எல்லாரும் இருக்கோம். என் முட்டி வலி அதேதான். "போன்ல சொல்றதை விட்டுட்டு எதுக்குடி காயிதம்"னு கேப்பே. அந்தப் போனைப் பத்திதான் சொல்லணும். இந்த ஆடி முழுக்க அது அடிச்சாலே எனக்கு எரிச்சல். அதையே காதுல வெச்சுக்கிட்டு அந்தக் கதையைச் சொல்ல மனசு வரல.

ஆடின்னா எங்க மாங்கன்னு நர்சரிக்கு எப்படின்னு உனக்குத் தெரியும். நாலு தூறல் விழுந்தா போதும், மாங்கன்னு கேட்டு எங்கெங்கிருந்தோ கூப்பிடுவாங்க. ஆந்திராக்காரர் தெலுங்குல ஆரம்பிப்பார், நான் அரைகுறையா சமாளிப்பேன். எல்லாமே பேர் தெரியாத நம்பர்தான். டி.வி.யில ஒருத்தர் வந்து "தெரியாத நம்பரை எடுக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடறார். தெரியாத நம்பர்லதாண்டி எங்க வீட்டு அடுப்பே எரியுது. நூறு பெங்களூரா, ஐம்பது செந்தூரா, பத்து இமாம்பசந்த் கேக்கறவன் என் சொந்தக்காரனாவா இருப்பான்?

அப்படித்தான் ஒரு நாள் விடியக்காலையில ஒருத்தன் கூப்பிட்டான். எடுத்த உடனே, "நீங்க யாரு பேசறீங்க?"ன்னான்.

கூப்பிட்டது அவன். கேக்கறதும் அவன்! நம்ம ஹாஸ்டல் வார்டனம்மா ஞாபகம் வந்துச்சு. கதவைத் தட்டிட்டு "யாரது உள்ள"ன்னு கேப்பாங்களே. "நீங்க யாருங்க"ன்னேன். "மேடம், வெரிஃபிகேஷன். உங்க பேர் சொல்லுங்க"ன்னான். எதுக்கு வெரிஃபிகேஷன்னா, "அதைச் சொல்லணும்னா முதல்ல நீங்க யாருன்னு தெரியணும்"ங்கறான். கன்னு வேணுமான்னு கேட்டேன். வேணாமாம். வெச்சுட்டேன்.

மத்தியானம் இன்னொரு நம்பர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் எடுத்தார். அவர்தான் யாரு கேட்டாலும் பாடம் நடத்தற மாதிரி விளக்கமா பதில் சொல்வாரே. தன் பேர், ஊர், நான் அவருக்கு என்ன உறவு, வீடு எந்தப் பக்கம், எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டார். மறுநாள் கூப்பிட்டவன் அவர் பேரைச் சொல்லியே ஆரம்பிச்சான். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. ஒருத்தன் பேரை வாங்கறான், அடுத்தவன் அந்தப் பேரைச் சொல்லி ஊரை வாங்கறான், அதுக்கும் அடுத்தவன் ஊரைச் சொல்லி ஆதார் நம்பரைக் கேக்கறான். இவ்வளவு தெரிஞ்சவன் நிஜமாவே ஏதோ ஆபீசுலதான் இருப்பான்னு நாம நம்பிடறோம். எல்லாம் நாமளே கொடுத்ததுதான்.

நீ சிரிக்காதே. சி.பி.ஐ.ன்னு சொல்லி வீடியோவுல யூனிபார்மோட வந்தவனை "சாப்டீங்களா சார்"னு கேட்ட மனுஷனைக் கட்டிக்கிட்டவ நீ. நல்லவேளை, பசியில போனை வெச்சுட்டு எழுந்து போனார். வீடியோவுலயே கைது பண்ணிட்டோம்னு மிரட்டறானுங்களே, அந்த டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாதாம். 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல சொன்னார். உன் வீட்டுக்காரருக்கு மட்டும் அது முன்னாடியே தெரிஞ்சிருக்கு போல.

எங்க வீட்டுக்குக் கூப்பிட்டவனுங்க அந்த ரகமும் இல்ல. இவனுங்க ஓ.டி.பி. கேக்கல, பார்சல்ல போதை மருந்து இருக்குன்னும் சொல்லல. நாலஞ்சு நாள் கழிச்சு ஒருத்தன் வாய் தவறி எங்க சின்னவன் பேரைச் சொல்லிட்டான். நாத்தனார் மகன்டி. உன் கல்யாண வீடியோவுல ஐஸ்கிரீம் கப்பை வெச்சுக்கிட்டு விடாம நிப்பானே, அவனேதான். இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. பத்து வருஷமா போன்ல "அத்தை, சாப்டியா"ங்கறதுக்கு மேல பேசாத பய.

அவன் ஒரு ஆப்ல கடன் வாங்கியிருக்கான். கேட்டது ஐயாயிரம். பிராசசிங் பீசுன்னு பிடிச்சுக்கிட்டு கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழு நாள்ல முழு ஐயாயிரமும் வட்டியும் கட்டணும். கட்ட முடியலன்னா அதை அடைக்க இன்னொரு ஆப், அதை அடைக்க இன்னொண்ணு. ஆப்பைப் போடறப்பவே போன்ல இருக்கற அத்தனை நம்பரையும் பாக்க அனுமதி கேக்குமாம். அவசரத்துல இருக்கறவன் எல்லாத்துக்கும் சரின்னு தட்டுவான். அப்படித்தான் என் நம்பர் போச்சு. அவன் அம்மா நம்பர், சூப்பர்வைசர் நம்பர், அவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கற வீட்டு நம்பர், எல்லாம் போச்சு.

கடைசியாச் சொன்னேனே, அதுதான் ஆபத்தாப் போச்சு. ஒரு வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பிச்சு எங்க எல்லாரையும் அதுல சேர்த்து, அவன் போட்டோவுக்குக் கீழ "திருடன்"னு எழுதிப் போட்டானுங்க. பொண்ணு வீட்டுக்காரரும் அந்தக் குரூப்புல இருந்தார்.

ஜெயா, அன்னிக்கு ராத்திரி அவன் போன் சுவிட்ச் ஆஃப். நாத்தனார் காரிமங்கலத்துல இருந்து எனக்குக் கூப்பிட்டு அழல. "அண்ணி, அவன் அங்க வந்தானா"ன்னு மட்டும் கேட்டா, குரலே இல்லாம. கடன் ஆப் தொல்லையில பசங்க உசிரை விட்டதைப் பேப்பர்ல நாமளும் படிச்சிருக்கோம் இல்ல. நானும் அவரும் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நடுராத்திரிக்கு மேல போச்சம்பள்ளியில இருந்து நடந்தே வந்தான். நேரா நர்சரி ஷெட்டுல போய் உக்காந்துட்டான். வீட்டுக்குள்ள வர மாட்டேங்கறான். நான் ஒண்ணும் கேக்கல. களி இருந்துச்சு, கீரை கடைஞ்சது இருந்துச்சு, கொண்டுபோய் வெச்சேன். சாப்ட்டான். அப்புறம்தான் பேசினான். மொத்தக் கடனையும் கூட்டினா அவன் ஒரு மாசச் சம்பளம் கூட ஆகாது. இதுக்கா இப்படின்னு எங்க வீட்டுக்காரர் வாயெடுத்தார், நான் முறைச்சேன். கடனுக்கு அடமானம் அவன்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால அவன் வெட்கத்தை எழுதி வாங்கிக்கிட்டானுங்க.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போனோம், மாவட்ட சைபர் கிரைம் போலீஸ்ல மனு கொடுக்க. அங்க இருந்த பொண்ணு உன் சின்ன மக வயசுதான் இருக்கும். சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டா. "எதையும் அழிச்சிடாதீங்க. குரூப்பை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. கூப்பிட்ட நம்பர், நேரம், பணம் கட்டின யு.பி.ஐ. ஐ.டி., ஆப் பேர் எல்லாம் வேணும்"னு சொன்னா. நான் நர்சரி ஆர்டர் நோட்டை எடுத்து அவ முன்னாடி வெச்சேன். பின்பக்கம் முழுக்க அவனுங்க நம்பர், நேரம், என்ன பேசினான்னு ஒரு வரி. கணக்கு டீச்சர்கிட்ட அடி வாங்கினது வீண் போகல. அந்தப் பொண்ணு, "இப்படி யாரும் எழுதிட்டு வர மாட்டாங்கம்மா"ன்னு சொன்னதை நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன், இப்ப உன்கிட்டயும்.

அவகிட்டயும், பேங்க்ல இருக்கற நம்ம பக்கத்து வீட்டுப் பையன்கிட்டயும் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், உன் மருமகளுக்கும் படிச்சுக் காட்டு. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டுலயே சொல்லியிருக்கு: வசூல் பண்றவன் காலையில எட்டு மணிக்கு முன்னாடியும், சாயங்காலம் ஏழுக்கு அப்புறமும் கடன்காரனைக் கூப்பிடக் கூடாது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தொல்லை பண்ணவும் கூடாது. சொந்தக்காரங்க, நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவங்க நிம்மதியில தலையிடவே கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல, கடன் ஆப் எதுவும் போன்ல இருக்கற நம்பர்களைத் தொடக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. 2025 ஜூலையில இருந்து முறையான ஆப்களோட பட்டியலை அவங்க வெப்சைட்டுலயே போட்டிருக்காங்க. சின்னவன் வாங்கின எதுவும் அதுல இல்ல. முறையான கம்பெனியா இருந்து தொல்லை கொடுத்தா ரிசர்வ் வங்கியோட 14448க்கு கூப்பிட்டு எப்படிப் புகார் கொடுக்கறதுன்னு கேக்கலாம். இவனுங்க மாதிரி ஆளுங்கன்னா போலீஸ்தான். பணத்தை ஏமாந்துட்டா சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடணும், அதுவும் உடனே.

இவ்வளவு விதி இருக்கு, இருந்தும் அவன் காலையில ஆறு மணிக்குக் கூப்பிடறான். அதுதான் எனக்கு ஆறல. விளம்பரப் போன் வேணாம்னு 1909க்குச் சொன்னேன், அது நின்னுச்சு. ஆனா ஒழுங்காப் பதிவு பண்ணிட்டு 140ன்னு ஆரம்பிக்கற நம்பர்ல கூப்பிடறவன்தான் அதுக்கு அடங்குவான். இவன் தினம் ஒரு பத்து இலக்க நம்பர்ல வர்றான், அவனை எதுல போய் நிறுத்தறது?

அதனால நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். எவன் கூப்பிட்டாலும், "எந்தக் கம்பெனி, உங்க பேர் என்ன, யாரு அனுப்பினாங்க, கம்பெனி லெட்டரை அனுப்புங்க"ன்னு நான் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் நான் யாருன்னு கூடச் சொல்றதில்ல. கோபப்படறதும் இல்ல, கோபம் வந்தா நாமளே நாலு விஷயத்தை உளறிடுவோம். ஒருத்தன் கெட்ட வார்த்தையில திட்டினான். "இதை ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருக்கேன், இன்னொரு தடவை தெளிவாச் சொல்லுங்க"ன்னேன். வெச்சுட்டான். என் போன்ல ரெக்கார்ட் பண்ண எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே.

இன்னொண்ணும் நடந்துச்சு, எங்க வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லல. ஒரு பொண்ணு கூப்பிட்டா. சின்னக் குரல், தமிழ்ப் பொண்ணுதான். எழுதி வெச்சதைப் படிக்கற மாதிரியே மிரட்டினா. நான் வழக்கம் போல, "கண்ணு, நான் மாங்கன்னு விக்கறவ, உனக்கு எத்தனை வேணும்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "இமாம்பசந்த் எத்தனை வருஷத்துல காய்க்கும் ஆன்ட்டி"ன்னு கேட்டா! ஒட்டுக் கன்னு சீக்கிரமே பூ வைக்கும், ஆனா முதல் மூணு வருஷம் பூவைக் கிள்ளிடணும், அப்பதான் மரம் தேறும்னு சொன்னேன். அவங்க பாட்டி வீட்டுல ஒரு மரம் இருந்துச்சாம். பின்னாடி யாரோ அதட்டற சத்தம். உடனே பழைய குரலுக்கு வந்து, "ஆதார் நம்பர் சொல்லுங்க மேடம்"னா. நான்தான் போனை வெச்சேன். அவமேல கோபப்படணும்னு பாக்கறேன், முழுசா வர மாட்டேங்குது. அவளுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேரை அழ வைக்கணும்னு கணக்கு கொடுத்திருப்பானுங்க. அதுக்காக அவ நம்பரை நோட்டுல எழுதாம விடல.

2025ல நம்ம சட்டசபையில வலுக்கட்டாய வசூலுக்கு எதிரா தனிச் சட்டமே கொண்டு வந்தாங்களே, அதைச் சொல்லி இனி மிரட்டலாம்னு எங்க வீட்டுக்காரர் கிளம்பிட்டார். ஆளு எங்க இருக்கான்னே தெரியாது, யாரை மிரட்டுவீங்கன்னேன். மனுவுக்கு ரசீது கொடுத்திருக்காங்க. போன் குறைஞ்சிருக்கு, நிக்கல. பொண்ணு வீட்டுக்காரர் மட்டும் நான் எதிர்பார்க்காத மாதிரி, "என் போனுக்கும் இதே மாதிரி என் தம்பிக்காக வந்துச்சுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். சம்பந்தம் நிக்குமான்னு தெரியல. சின்னவன் இங்கதான் இருக்கான், லீவு போட்டுட்டு ஒட்டுக் கட்டக் கத்துக்கறான். கட்டறது கோணலா இருக்கு. பொம்பளைங்க கிண்டல் பண்றாங்க, அவனும் சிரிக்கறான்.

உனக்கு ரெண்டு மல்கோவா கன்னு எடுத்து வெச்சிருக்கேன். மாடியில தொட்டியில வெச்சுக் கொல்லாதே, உன் கொழுந்தனார் நிலத்துல வை. திங்கட்கிழமை காலையில கிருஷ்ணகிரியில வேலூர் பஸ்ஸுல போட்டுவிடச் சொல்லியிருக்கேன். பஸ்ஸுக்காரர் உன் நம்பருக்குக் கூப்பிடுவார். தெரியாத நம்பரா இருக்கும். தயவுசெஞ்சு எடு.

அன்புடன்,
வசந்தா