பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கேயாவது போர், நிலநடுக்கம், வெள்ளம் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் 'இதோ கடைசி காலம்' என்று ஒரு வீடியோ வந்து விழும். பேசுகிறவர் பெரும்பாலும் எடுப்பது வேதத்தில் பேதுருவின் இரண்டாம் நிருபம், 3ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். வானங்கள் அகன்றுபோகும், பூமி எரிந்துபோகும். சரி, வேதத்தில் உள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றே வசனம் தள்ளி, நீதி வாசமாயிருக்கும் புதிய வானங்களுக்கும் புதிய பூமிக்கும் காத்திருக்கிறோம் என்று அதே நிருபம் சொல்கிறதே, அது ஏன் இவர்கள் கண்ணில் படுவதில்லை?

உலக முடிவுக்கு நாள் குறித்தவர்கள் கதையும் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் பேச்சை நம்பி 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்தவர்களில், இனி எதற்கு என்று விளைந்ததை வயலிலேயே விட்டவர்களும் உண்டு. 2011 மே 21 என்றார் வானொலியில் பேசிய ஹெரால்டு கேம்பிங். அதுவும் போயிற்று.

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எரேமியாவைப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தான், சொன்னதற்காகக் காவலில் கிடக்கிறார், அந்த நிலைமையில் ஆனதோத்தில் இருந்த ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்கி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார்! எந்தத் தரகரும் அப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். அழிவு வராது என்று அவர் நினைக்கவில்லை, அதற்கு அப்புறமும் இதே தேசத்தில் வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொன்னதை நம்பினார். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவிலும் புதிய எருசலேம் நகரம்தான் பரலோகத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கடல் அத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு, இது தண்டனை என்று பேசியவர்களும் இருந்தார்கள், வீடும் படகும் வலையும் கொடுத்துக் கூடவே நின்ற சபைகளும் இருந்தன. இவர்களில் எரேமியாவைப் படித்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊழியக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வீடியோவில் 13ஆம் வசனம் வரைக்கும் வாசித்துவிடுங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்