கருவி வாங்கினால் போதாது: ஆய்வு வலையமைப்புக்குத் தொடர் நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 6ஜி தொழில்நுட்பத்தில் இந்தியா முன்வரிசையில் நிற்கும் என்ற செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்துவருகிறேன். அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு அடித்தளமாக அமைய வேண்டிய சோதனை வலையமைப்புகளுக்கு நாம் திட்டமிடும் விதத்திலும் பணம் ஒதுக்கும் விதத்திலும் பெரிய குறை ஒன்று இருப்பதை, பொறியியல் கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடத்தை 26 ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வங்கியும் மருத்துவமனையும் ரயில் முன்பதிவும் நம்பியிருக்கும் இணையத்தில், தரவு பரிமாற்றத்துக்கான புதிய விதிமுறை (நெறிமுறை) ஒன்றை ஏற்றிச் சரிவருகிறதா என்று பார்க்க யாரும் இசைய மாட்டார்கள், இசையவும் கூடாது. 2010 மார்ச்சில், 10 ஆண்டுகளுக்கு ரூ.5,990 கோடி என்று ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களையும் ஆய்வுக்கூடங்களையும் அதிவேக இணைப்பில் சேர்த்த நல்ல திட்டம். எனினும் அதுவும் முதன்மையாக அன்றாடப் பயன்பாட்டுக்கானதே. தவறு செய்து பார்ப்பதற்கென்றே, விழுந்தால் யாருக்கும் பாதிப்பில்லாத வலையமைப்பு தனியாக இருந்தால்தான் புதியது பிறக்கும்.

இந்த உண்மையை அரசு உணராமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் 8 நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைத் தளத்துக்கு 2018 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது, மதிப்பீடு ரூ.224 கோடி. அதுவரை நம் இளம் நிறுவனங்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரிய பேறு என்பது விளங்கும். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். ஒப்புதல் கிடைத்த அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே 5ஜி-யின் முதல் முழுமையான தர வரையறைகள் உலக அளவில் முடிவாகிவிட்டன. தளம் திறக்கப்பட்டது 2022 மே 17 அன்று; வணிகச் சேவை தொடங்கியது அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று. இடையில் இருந்தது நாலரை மாதம். கோபுரத்துக்குக் கோபுரம் 6 கிலோமீட்டர் இடைவெளி உள்ள நம் கிராமப்புறங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பக் கூறுகளை நம் ஆய்வாளர்கள் வகுத்து, அவற்றைச் சர்வதேச தரத்திலும் இடம்பெறச் செய்தார்கள் என்பது பெருமைக்குரியது. அவர்கள் கையில் அந்தத் தளம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

தாமதத்தைவிட என்னை வருத்துவது, திறப்புவிழாவுக்குப் பின் நேர்வது. நான் நன்கறிந்த ஒரு கல்லூரியில், மானியத்தில் வாங்கிய கருவிகளோடு வலையமைப்பு ஆய்வகம் ஒன்று அமைந்தது. நிதியாண்டு முடிவதற்குள், மானியத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பியாக வேண்டும் என்பதால், எந்த ஆய்வுக்கு எந்தக் கருவி என்று உட்கார்ந்து பேசும் முன்பே, பிப்ரவரியில் டெண்டர், மார்ச் கடைசியில் பெட்டிகள் வந்து இறங்கின. மூன்றாம் ஆண்டில் மென்பொருள் உரிமம் காலாவதியானது. யூ.பி.எஸ். பேட்டரிகள் உப்பிப்போயின. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மானியத்தில் செலவுத் தலைப்பே இல்லை. அவற்றை இயக்கத் தெரிந்த ஒரே திட்டப் பொறியாளரும், ஒப்பந்தம் முடிந்ததும் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்விட்டார். ராக்கில் வலையமைப்பு ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கின்றன. முகப்பில் ஒட்டிவந்த பாதுகாப்புத் தாள் சிலவற்றில் இன்னும் உரிக்கப்படவில்லை. அந்த அறையின் சாவி அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

2023 அக்டோபரில் நாடெங்கும் கல்வி நிறுவனங்களுக்கு 100 5ஜி ஆய்வகங்கள் வழங்கப்பட்டபோது நான் மனதார மகிழ்ந்தேன். அந்த நூற்றில் ஒன்றுகூட இப்படிப் பூட்டிக் கிடக்கக் கூடாது என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 'ஜெனி' என்ற சோதனை வலையமைப்பை உருவாக்கிய விதம் நமக்குப் பயன்படும். 2005 வாக்கிலேயே ஆய்வாளர்களைக் கூட்டி, எந்தக் கேள்விகளுக்கு விடை தேடப்போகிறோம் என்று முதலில் எழுதினார்கள்; 2007-இல் அதற்கெனத் தனித் திட்ட அலுவலகம் அமைந்தது. பிறகே கருவிகள் பல பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே கட்டமைப்பைப் பல ஆய்வாளர்கள், ஒருவர் சோதனை மற்றவரைத் தொடாதபடி, தொலைவிலிருந்தே பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2008 வாக்கில் வடிவம் பெற்ற, வலையமைப்பு ஸ்விட்சுகளை வெளியிலிருந்து மென்பொருளால் இயக்கும் நெறிமுறையான 'ஓப்பன்ஃப்ளோ' பல வளாகங்களில் பரிசோதிக்கப்பட்டது இந்தத் தளத்தின் துணையோடுதான். ஜெனிக்கு வயதாகத் தொடங்கியபோது 'ஃபேப்ரிக்' என்ற அடுத்த தளத்துக்கு 2019-லேயே பணம் ஒதுக்கிவிட்டார்கள். ஒன்று ஓயும்போது அடுத்தது தயாராக இருந்தது.

நமக்கும் இது புதிதல்ல. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான 'எர்நெட்' வலையமைப்பு தொடங்கியபோது, சென்னை உள்பட 5 ஐ.ஐ.டி.கள், இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றோடு மொத்தம் 8 நிறுவனங்கள் அதில் இருந்தன. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் வருவதற்கு முன்பே, அதைக் கையாளத் தெரிந்தவர்களை அந்த வலையமைப்பு உருவாக்கியிருந்தது.

பணம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் (அரசுக் கட்டணம் கணக்கிட எடுத்துக்கொள்ளும் வருவாயில்) 5 சதவீதத்தை, இன்று 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப்படும் பொதுச்சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. அதன் ஆண்டு வசூலில் 5 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்கும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. நாம் ஒவ்வொருவரும் செய்யும் ரீசார்ஜிலிருந்து போகும் பணம்தான் அது. அதில் ஒரு பங்கைக் கருவி வாங்க அல்லாமல், ஏற்கெனவே வாங்கிய தளங்களின் மின்கட்டணம், உரிமப் புதுப்பிப்பு, நிரந்தரப் பொறியாளர் பணியிடங்கள் ஆகியவற்றுக்கென விதியாகவே எழுதிவைக்க வேண்டும். கொள்முதலுக்கு ஒப்புதல் தரும் அதே ஆணையில் அடுத்த 7 ஆண்டுகளின் தொடர் செலவினத்துக்கும் வழி காட்டப்பட வேண்டும். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போகும் என்ற கெடு இத்தகைய திட்டங்களுக்குப் பொருந்தாது.

6ஜி தரங்கள் 2030-ஐ ஒட்டி இறுதியாகும். சோதிக்க வேண்டிய காலம் இதுவே. ஐ.ஐ.டி. வளாகத்துக்கு வெளியே, திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ படிக்கும் மாணவியும் இணையவழியே முன்பதிவு செய்து இந்தத் தளங்களில் தன் நிரலை ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும். ஒவ்வொரு தளமும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தனை வெளிக் கல்லூரிகள் பயன்படுத்தின என்ற கணக்கைத் தொலைத்தொடர்புத் துறை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி அறிவியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.