உன் குதிகாலில் இரண்டு பிளாஸ்திரி

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது காலுறையைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்தாய். சிறு வயது முதல் வாசலிலேயே காலணியையும் காலுறையையும் உதறிவிட்டு ஓடிவரும் பெண் அப்படிச் செய்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வராதா? சாப்பிட்டபின் நீ சோபாவில் கண்ணயர்ந்த நேரத்தில் காலுறை நழுவியது. குதிகாலில் ஒட்டியிருந்த இரண்டு பிளாஸ்திரிகளையும் பார்த்துவிட்டேன். மரமும் புல்வெளியும் பராமரிக்கும் உன் வேலைக்கு நிறுவனம் தரும் பாதுகாப்பு பூட்ஸில் பெண்களுக்கான அளவு இருப்பில் இல்லை என்றும், ஆண்களுக்கான பெரிய பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள் என்றும், இரண்டு ஜோடிக் காலுறை போட்டுச் சமாளிக்கிறாய் என்றும் அம்மா பிறகு சொன்னார். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவார்களா என்று உன் பாட்டி கேட்பார். நீ வெட்டவில்லை, காலைப் பருக்க வைத்திருக்கிறாய், அவ்வளவுதான் வேறுபாடு.

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் பாதுகாப்புக் காலணியோடு வாழ்ந்தவன் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அதில் முதல் ஆண்டிலேயே ஒரு கால் பெருவிரல் நகத்தை இழந்தேன். நண்பர் ஒருவரின் பழைய பூட்ஸை, சற்று இறுக்கமாக இருந்தாலும் தோல்தானே, போகப் போக விரிந்துகொடுக்கும் என்று நம்பி வாங்கிக்கொண்டேன். தோல் விரிந்துகொடுத்தது; விரல்களைக் காக்க அதன் முனைக்குள் வைத்திருந்த இரும்புத் தொப்பி ஒரு மயிரிழைகூட விரியவில்லை. குனிந்து, குந்தி, முன்னங்காலில் எடையை ஏற்றி வேலை செய்யும்போதெல்லாம் அதன் விளிம்பு விரலை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே கடையில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. குந்திப் பார்க்க வேண்டும், படியில் இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது விரல்கள் முன்னே போய்த் தொப்பியில் இடித்தால் அது உனக்கான பூட்ஸ் இல்லை. நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில்தான் வாங்க வேண்டும். வேலைக்குப் போடும் காலுறையையே எடுத்துச் செல்ல வேண்டும். உன் பாதம் பாட்டியின் பாதம், முன்புறம் அகலம், குதிகால் ஒடுக்கம். பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலணி வாங்கிய காலத்திலிருந்தே எனக்கு அது தெரியும். ஆண்களுக்கான அச்சில் வார்த்த காலணியில் அளவைக் குறைத்துக்கொண்டே போனால் விரல்கள்தான் நசுங்கும், குதிகால் அப்போதும் ஆடும். பெண்களுக்கென்றே தனி அச்சில் செய்த பூட்ஸ்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்க வெட்கப்படாதே.

நாக்குப் பட்டையில் உள்ள முத்திரையையும் படித்துப் பார். எஸ்எஸ் 513 என்பது பாதுகாப்புக் காலணிக்கான நம் சிங்கப்பூர்த் தரம், ஐஎஸ்ஓ 20345 என்பது அனைத்துலகத் தரம். அந்தத் தரத்தில் விரல் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. உன் வேலைக்கு எஸ்3 என்று குறித்ததே ஏற்றது. மேல்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, ஆணியும் கண்ணாடித் துண்டும் ஏறாமல் தடுக்கும் தகடு அடியில் இருக்கும், ஈரப்புல் சரிவில் பிடித்து நிற்கும் வரிகளும் இருக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. இந்த முத்திரை எதுவும் சங்கிலி ரம்பத்தை நிறுத்தாது. அதற்கு ஐஎஸ்ஓ 17249 என்ற தனித் தரம் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை வெட்டும் ரம்பத்தை உன் கையில் கொடுக்கும் நாளில், அதற்குரிய பூட்ஸையும் கொடுக்கச் சொல். பாதுகாப்புக் கருவிகளைத் தருவது முதலாளியின் கடமை என்பதை 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கும் ஊரில் நீ தயங்கிச் சொல்ல வேண்டியதில்லை. சரியான அளவைக் கேட்பதற்கும் அதே பதில்தான்.

தண்ணீர் புகாத உட்சவ்வு வைத்த விலையுயர்ந்த பூட்ஸ் வேண்டும் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். குளிர் நாட்டில் அது நல்ல பொருளாக இருக்கலாம். நம் ஊரில் பிற்பகல் இடிமழை கணுக்காலருகே பூட்ஸின் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கும். இறங்கிய நீரை அந்தச் சவ்வு வெளியே விடாது, வெயிலில் ஊறும் வியர்வையும் அங்கேயே தேங்கும். அந்தப் பணத்துக்கு நல்ல தோல் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே என் கட்சி. ஒன்று காய ஒரு நாள் முழுதும் வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு எதிரே வைத்தால் போதும். நான் தமிழ் முரசைத் திணித்தபோது உன் அம்மா, எழுத்தைக் காலணிக்குள் போடலாமா என்று சண்டைக்கு வந்தார், ஆங்கிலத் தாளை எடுத்துக்கொடுத்தார். ஆங்கில எழுத்தில் சரஸ்வதி இல்லையா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

இரண்டு ஜோடி என்றதும் ஒன்றைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடாதே. அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். தள்ளுபடியில் வாங்கிய புது ஜோடியை அலமாரியின் மேல் பத்திரமாக வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். மின்தூக்கியிலிருந்து பேருந்து நிறுத்தம் போவதற்குள் சோல் புட்டு உதிர்வதுபோல உதிர்ந்தது. அது போலியான சரக்கு அன்று. பாலியூரித்தேன் என்ற பஞ்சு போன்ற பிளாஸ்டிக்கில் செய்த சோலை நம் காற்றின் ஈரம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். வெளியடி ரப்பராக இருந்தாலும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பஞ்சுதான். ஆகவே காலணியில் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்து வாங்கு. பழைய இருப்பை மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

இந்தச் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் காத்திருப்பேன். தேக்காவைச் சுற்றி இரண்டு மூன்று கடைகள் எனக்குத் தெரியும். 200 வெள்ளி எடுத்து வருகிறேன். மீதி உன் பாடு. வேலைக்குப் போடும் காலுறையில் ஒரே ஒரு ஜோடியை மட்டும் கொண்டு வா. அதற்குள் அந்தப் புண் ஆறவில்லை என்றால் முதலில் மருந்தகம், பிறகுதான் காலணிக் கடை.

அன்புடன்,
அப்பா