முகாம் முடிந்த மறு மாதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமத்துக் குழந்தைகளுக்காகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பேருக்கு மருந்து, எத்தனை பாக்கெட் விநியோகம் என்ற கணக்கெல்லாம் விரிவாக இருந்தது. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். பன்னிரண்டு வருடம் அப்படியொரு குழுவோடு ஊர் ஊராகப் போனவள் நான். ஆனால், கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்பது கட்டுரையில் எங்குமே இல்லை.

ஒருமுறை, முகாம் நடந்து மூன்று வாரம் கழித்து ஒரு வீட்டுக்குப் போனேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. நாங்கள் கொடுத்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியை, தாய் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, சரியான நேரத்தில் பிரித்தும்விட்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பொடி மொத்தமும் ஒரே டம்ளரில் கிடந்தது. “பிள்ளை இவ்வளவுதானே குடிக்கும்” என்றார். பாக்கெட்டில் அளவு அச்சாகித்தான் இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. முகாமில் அதை அவர் கையில் கொடுத்தவளே நான்தான். வரிசை நீளம் என்று, வாயால் சொன்னதோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். கரைசல் அவ்வளவு கெட்டியாக இருந்தால் போக்கு இன்னும் அதிகமாகும், ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம். நல்லவேளை, குழந்தை இரண்டு மடக்குதான் குடித்திருந்தது. தண்ணீரை அளக்கவும் கரைக்கவும் அன்று அவரையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை செய்தது இதைத்தான். பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், ஒரு கைப்பிடி வெல்லம், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் என்று தாயின் கையாலேயே கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமான வீடுகள்! சில வாரம் கழித்து வேறு ஆட்கள் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, சரியாகக் கரைக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து அல்ல. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தடுப்பூசிக்கும் இதே கதைதான். தட்டம்மைக்கு இரண்டு தவணை வேண்டும். அது பரவாமலிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளாவது இரண்டையும் போட்டிருக்க வேண்டும். முதல் தவணைக்குக் கூட்டம் கூடும். இரண்டாவதற்குள் குடும்பம் வேலை தேடி வேறு ஊர் போயிருக்கும், அட்டை தொலைந்திருக்கும். தேடிப் போக ஆள் வேண்டும். பெட்டி பெட்டியாக மருந்து வாங்கித் தருபவர்கள், அந்த ஆளின் பஸ் செலவுக்கும் சம்பளத்துக்கும் கேட்டால் தயங்குகிறார்கள். நன்கொடையாளர்கள் இதற்கு மனம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் வந்த அதே கிராமத்துக்கு உங்கள் நிருபரை இன்னும் ஒரு மாதம் கழித்து அனுப்புங்கள். ஏதாவது பத்து வீட்டில், “பாக்கெட்டை எப்படிக் கரைப்பீர்கள், செய்து காட்டுங்கள்” என்று கேட்கட்டும். பார்த்ததை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் வாசகி