நீலத்தாளில் ஒட்டிய அறிவிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் மருந்துக்கும் சின்னவனின் பள்ளிக் கட்டணத்துக்கும் சேர்த்துப் பணம் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் சொல்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நம் லயத்துக்குப் போகும் வழியில் மதுக்கடை வரப்போகிறது என்ற பேச்சு இருப்பதாகவும், யாரைக் கேட்டாலும் சரியான பதில் இல்லை என்றும் நீ சொன்ன நாள் முதல் மனம் நம் நீலகிரிக் கொளப்பள்ளியிலேயே கிடக்கிறது. அதே சமயத்தில் இங்கே இங்கிலாந்தில் என் தெருவிலும் ஒரு கடை மது விற்க அனுமதி கேட்டது. தொலைபேசியில் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும் என்று எழுதுகிறேன். மகளிர் குழுப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டு.

கடைக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணன். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அவர் கடையில்தான் கிடைக்கும். நம் தாத்தா 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர் என்று சொன்ன நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறார். இரவுப் பணி முடித்து வரும்போது நானாகக் கேட்காமலேயே தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அந்தக் கடையின் கண்ணாடியில்தான் ஒருநாள் வெளிர் நீலத்தாளில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை மது விற்க அனுமதி கேட்டிருக்கிறார், ஆட்சேபம் இருப்பவர்கள் இந்தத் தேதிக்குள் நகரசபைக்கு எழுதலாம்.

நின்று இரண்டு முறை வாசித்தேன். மது விற்க நினைப்பவர் முதலில் தெருவுக்குச் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நீதிமன்றத்தில் கொடுத்துவந்த உரிமத்தை இப்போது உள்ளூர் நகரசபை கொடுக்கிறது. நீலத்தாள் 28 நாள் கடையில் இருக்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும், காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் நகல் போக வேண்டும். கடையின் மதிப்பைப் பொறுத்து 100 பவுண்டிலிருந்து 635 பவுண்டு வரை விண்ணப்பக் கட்டணம். பொறுப்பாளர் ஒருவர் தனியாகப் பயிற்சி முடித்துத் தன் பெயரில் உரிமம் வைத்திருக்க வேண்டும்.

அக்கா, அப்பாவின் சம்பள நாட்களை நீயும் நானும் மறக்கவில்லை. அந்த அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பு பதறியது. மது எந்த வீட்டையும் விடாது, வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் அப்படி எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குற்றமும் ஒழுங்கீனமும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமை, பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காத்தல் ஆகிய நான்கில் ஒன்றைத் தொட்டுத்தான் பேச வேண்டும். ஏற்கெனவே போதுமான கடைகள் இருக்கின்றன என்பதும் செல்லாது. மக்களின் உடல்நலம்கூட இந்த நான்கில் இல்லை. ஸ்காட்லாந்தில் அதை ஐந்தாவதாகச் சேர்த்திருக்கிறார்கள், இங்கே சேர்க்கவில்லை. இதை நான் பெரிய குறை என்றே சொல்வேன்.

அதனால் தெருவில் கண்டதை எழுதினேன். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் அந்தக் கடையில் மிட்டாய் வாங்க நிற்கிறார்கள். பக்கத்து பஸ் நிழற்குடையில் இப்போதே இரவில் சிலர் கேன்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பணி முடிந்து வரும் பெண்கள் எதிர்ச்சாரிக்குப் போய் நிற்கிறார்கள். ஆகவே நள்ளிரவு வரை வேண்டாம், ஒற்றைக் கேனாக விற்கக் கூடாது என்று கேட்டேன். எழுதுபவரின் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்குப் போகும். அண்ணன் அதைத் தாளில் பார்த்துத் தெரிந்துகொள்வது முறையில்லை என்று நானே போய்ச் சொன்னேன். முகம் வாடியது. பெரிய சூப்பர்மார்க்கெட் வந்தபின் காய்கறியில் வாடகைகூடத் தேறவில்லை, சிகரெட் விற்பனையும் விழுந்துவிட்டது, இது இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். ஆனாலும் கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை.

ஆட்சேபம் வந்தால் விசாரணை உண்டு. மூன்று கவுன்சிலர்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அண்ணனுக்குக் கொடுத்த அதே அளவு நேரத்தை எனக்கும் கொடுத்தார்கள். பேச்சினூடே அப்பாவைப் பற்றி ஒரு வரி வாயில் வந்துவிட்டது. தலைமையில் இருந்த அம்மையார் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, இந்தத் தெருவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முதியோர் இல்லத்தில் பணியாற்றும் வெளிநாட்டுக்காரிதானே என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் இரவு 10 மணி வரைதான். ஒற்றைக் கேன் விற்கக் கூடாது. கண்காணிப்புக் கேமரா வேண்டும். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும், இங்கே 18 நிரம்பினால் வாங்கலாம் என்றாலும். மறுத்து அனுப்பியவர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் உரிமத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லித் தெருவாசி யாரும் கேட்கலாம். பஸ் நிழற்குடையை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அண்ணன் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

நம் ஊரில் இந்த நீலத்தாளுக்கு இடமே இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை. டாஸ்மாக் 1983-இல் தொடங்கியது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். அனுமதி கொடுப்பதும் அரசு, விற்பதும் அரசு என்றால், கடை வருவதற்கு முன் ஊரைக் கேட்பது யார்? இருந்தும் நமக்கு வழியே இல்லை என்று எண்ணாதே. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டு, அந்தக் கடைகள் 2017-இல் ஊர்களுக்குள் நகர்ந்தபோது எதிர்த்து நின்றவர்களில் பெண்களே முன்னால் இருந்தார்கள். உடைந்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலைக்கு உயர் நீதிமன்றம் செவிசாய்த்ததால்தான், 2022 மே மாதம் நம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை வந்தது. யானையின் காலுக்காக அசைந்தவர்கள் கொழுந்து பறித்துவிட்டு அந்த வழியே வீட்டுக்கு நடக்கும் பெண்களுக்காகவும் அசையத்தான் வேண்டும்.

ஆகவே அந்தக் கடைக்கு எதிராக நீங்கள் எழுதும் மனுவில் மது கெடுதல் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நகராட்சி எல்லைக்கு வெளியே பள்ளி, கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் கடை வரக் கூடாது என்று 2003 விதி இருக்கிறது. பள்ளி வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாடா வைத்து அளந்து எழுதுங்கள். எந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் அந்த வழியே வருகிறார்கள், தெருவிளக்கு எங்கே இல்லை, எந்தத் திருப்பத்தில் யானை இறங்குகிறது என்பதையும் எழுதுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கூட்டம் கலையும் முன் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று நீ நேரில் பார். ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. ஊட்டிக்குப் போய்வர பஸ் செலவும் நகல் எடுக்கும் செலவும் என்னுடையது, குழுப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

அம்மாவைக் குளிரில் வாசலில் உட்காரவிடாதே.

அன்புடன்,
உன் தங்கை