பஸ்ஸும் போனஸும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளிடம் ஆட்களுக்கு என்ன சலுகை தருகிறீர்கள் என்று கேட்டால் கம்பெனி பஸ், ஹாஸ்டல், தீபாவளி போனஸ் என்றுதான் சொல்வார்கள். ஆள் நேரத்துக்கு வரவும், வேறு கம்பெனிக்குப் போகாமல் நிற்கவும் எது உதவுமோ அதுவே அவர்களுக்கு முக்கியம். சரி, தொழில் நடக்க வேண்டுமே. ஆனால் நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண்கள் பிள்ளை பிறந்ததும் ஏன் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று அவர்கள் யோசிக்க வேண்டாமா?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று மகப்பேறு நலச் சட்டத்தை 2017-லேயே திருத்திவிட்டார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். நான் பார்த்த ஒரு கம்பெனியில் அந்த அறை இருக்கிறது. தொட்டில் உண்டு, சுவரில் முயல் படம்கூட உண்டு. ஆனால் உள்ளே அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆடிட் வரும் அன்று மட்டும் காலி செய்வார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா கிடையாது.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். 2019 ஜூலையில் அதற்கு முதலாளி கட்டும் பங்கைச் சம்பளத்தில் 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைத்தார்கள். அப்புறமும் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைப்பவர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இல்லை.

அதிகாரிகள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து காப்பக அறைகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

- ஒரு வாசகி, திருப்பூர்