ஓடையிலிருந்து கடைசி வீடு விலகும் வரை பணி முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குமரி மாவட்டத்து நகரங்களில் பாதாள சாக்கடை அமைப்பது, பழைய குடிநீர்க் குழாய்களை மாற்றுவது ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளில் பெரும்பாலும் தோண்டிப் போட்ட சாலைகளின் படங்களே இடம்பெறுகின்றன. சாலையின் நிலை கவலைக்குரியதுதான் என்றாலும், குடிநீர்ப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தச் சாலைகளுக்கு அடியில் இரண்டு குழாய்களும் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் போடப்படுகின்றன என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும் அமைப்பு கொல்கத்தாவின் பழைய பகுதிகளில் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உள்ளது. கனடாவின் வான்கூவர் நகரம் அத்தகைய குழாய்களை இரண்டாகப் பிரிக்கும் பணியை 1970களில் தொடங்கியது. 2050க்குள் முடிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. நம் ஊர்களில் அப்படி ஒரு குழாய் கிடையாது. ஆனால் சமையலறை நீரையும் குளியலறை நீரையும், சில இடங்களில் செப்டிக் டேங்கிலிருந்து வழிவதையும் தெரு ஓடையில், அதாவது தெருவோர வடிகாலில் விட்டு, ஓடை போய்ச் சேரும் குளத்தையும் சானலையும் (பாசனக் கால்வாயையும்) நாமே சாக்கடையாக்கியிருக்கிறோம். பாதாள சாக்கடை வந்த பிறகு இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மொட்டை மாடியில் விழும் மழைநீரை வீட்டார் சாக்கடை இணைப்பில் திருப்பிவிடுவதால், இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் தாழ்வான தெருக்களில் ஆளிறங்கு குழிகள் (மேன்ஹோல்) வழியே கழிவுநீர் பொங்கி வெளியே வருகிறது.

குடிநீர்க் குழாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் ஓடையின் குறுக்கே, சில வேளைகளில் ஓடை நீருக்குள்ளேயே மூழ்கியபடி செல்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் விடப்படும் ஊரில், மற்ற நேரங்களில் குழாயில் அழுத்தம் இருப்பதில்லை. அப்போது துருப்பிடித்த இணைப்பிலோ விரிசலிலோ வெளியில் இருக்கும் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிடும் பழக்கம் நம் தாய்மார்களுக்கு வந்தது இதனால்தான். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. ஓடை நீர் கலக்கும் குழாயில் அந்தக் குளோரின் வெகு விரைவில் தீர்ந்துவிடும்.

ஆகவே இவ்விரண்டையும் ஒரே பணியாகவே கருத வேண்டும். சாக்கடைக் குழாய் சரிவினால் மட்டுமே ஓடுவது, ஆழத்தில் செல்வது. அதை முதலில் பதித்து, மண்ணை அடுக்கடுக்காக இட்டு நன்கு கெட்டித்து, அதன் பிறகு மேல்மட்டத்தில் குடிநீர்க் குழாயைப் பதித்து, அழுத்தச் சோதனை முடித்து, வீட்டு இணைப்புகளையும் மாற்றிய பின்னரே தார் போட வேண்டும். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர், குறுக்கிடும் இடங்களில் மேலே அரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டி நூல் கூறுகிறது. மூன்று மீட்டர் அகலமே இல்லாத எங்கள் தெருக்களில் இது இயலாது என்பதை நான் அறிவேன். அத்தகைய இடங்களில் குடிநீர்க் குழாயைத் தெருவின் எதிர் ஓரத்தில் உயர்த்திப் பதித்து, தரமான இரும்புக் குழாயாகவே போடுவதுதான் என் அனுபவத்தில் சரியான வழி. செலவு கூடும் என்று அதைத் தவிர்ப்பது பொருந்தாது.

நான் வசிக்கும் தெருவில் நடந்தது இதற்கு மாறானது. முதலில் குடிநீர்க் குழாய் பதித்து, சாலையும் போட்டு முடித்த சில மாதங்களில், வேறொரு ஒப்பந்தக்காரர் சாக்கடைக்காக அதே சாலையைத் தோண்டினார். பொக்லைன் பட்டுப் புதுக்குழாய் மூன்று இடங்களில் உடைந்தது. உடைந்த இடங்களைச் சரிசெய்ய வந்தவர் மூன்றாவது ஒப்பந்தக்காரர். தெருவுக்கு ஒரு பொறியாளர், அவர் கையில் ஒரே வரைபடம் என்று இருந்திருந்தால் இந்த வீண்செலவு நேர்ந்திராது.

எல்லைக்கு அப்பால் நடந்ததும் நமக்குப் பயன்படும். 2024 செப்டம்பரில், திருவனந்தபுரம் – நாகர்கோவில் இரட்டை ரயில் பாதைக்காகத் திருவனந்தபுரம் நகரின் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றும் வேலை குறித்த நேரத்தில் முடியாமல் போனதால், 44 வார்டுகளில் நாட்கணக்கில் தண்ணீர் இல்லாமல், செப்டம்பர் 9 அன்று மாநகரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. பிரதான குழாயைத் துண்டிக்கும் முன் மாற்றுக் குழாயையும் லாரித் தண்ணீரையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் மறுபடியும் மழை. எனவே ஆழமான தோண்டல் ஜனவரி முதல் மே நடுப்பகுதிக்குள் முடிவதாக ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வயலை மேடாக்கிய இடங்களில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும். ஒன்றரை மீட்டரைத் தாண்டிய குழிக்குப் பக்கவாட்டுத் தடுப்பு இல்லாமல் தொழிலாளியை இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஒப்பந்தக்காரருக்கு உரிய தொகையில் ஒரு பகுதியை, குழாய் பதித்த நீளத்தை அளந்து மட்டும் விடுவிக்காமல், அந்தத் தெருவின் கடைசி வீட்டுக் கழிவுநீரும் ஓடையிலிருந்து விலகிச் சாக்கடையில் சேர்ந்ததைச் சரிபார்த்த பிறகே தர வேண்டும். இணைப்புக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்ட இயலாத குடும்பங்களுக்கு வீட்டு வரியோடு தவணையாகச் செலுத்தும் வசதியும் வேண்டும். இல்லையேல் பாதி வீடுகள் ஓடையிலேயே நின்றுவிடும். பணி முடிந்த ஒவ்வொரு தெருவிலும் இரு குழாய்களும் வால்வுகளும் எந்த ஆழத்தில், எந்த ஓரத்தில் உள்ளன என்று காட்டும் வரைபடத்தை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணி மேற்பார்வையாளர்,
குமரி மாவட்டம்.